மாணவர்கள் கட்டும் கார்: ஓட்டிப் பார்க்கும் முன்

வாகனப் பாதுகாப்புச் சோதனைத் துறையில் பணியாற்றுவதால், காரைக்குடி வட்டாரப் பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டும் கான்செப்ட் கார்களை (புதிய யோசனையைக் காட்டும் மாதிரிக் கார்களை) பார்வையிட அவ்வப்போது அழைக்கப்படுகிறேன். அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்கியதால் 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டு, இன்று லித்தியம் பேட்டரி ஆய்வு நடைபெறும் ஊரில், மாணவர்கள் மின்சாரக் காரில் கைவைப்பது பெருமைக்குரியதே. ஆனால் கண்காட்சித் தேதி நெருங்க நெருங்க, நேரமெல்லாம் பெயின்டுக்கும் வெளித்தோற்றத்துக்கும் போய்விட, பேட்டரியும் பிரேக்கும் கடைசி இரவுக்குத் தள்ளப்படுவது எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது.

72 வோல்ட் பேட்டரி என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். 20 லித்தியம் அயான் செல்களைத் தொடராக இணைத்த அந்த பேட்டரி, முழு சார்ஜில் 84 வோல்ட் வரை செல்லும். 60 வோல்ட் டி.சி.க்கு (பேட்டரி தரும் ஒருதிசை மின்சாரத்துக்கு) மேற்பட்டதை மின்வாகனத் தரநிலைகள் உயர் மின்னழுத்தம் என்றே வகைப்படுத்துகின்றன. நான் பார்த்த ஒரு காரில், பேட்டரிப் பெட்டியின் தகட்டைத் துளையிட்டு, துளை விளிம்பில் ரப்பர் வளையம்கூட இல்லாமல் மெயின் கேபிளை இழுத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தபோது, தகடு உரசிய இடத்தில் கேபிளின் மேலுறை பாதி தேய்ந்திருந்தது. வண்டியின் அதிர்வில் மீதியும் தேய்ந்து ஷார்ட் ஆகியிருந்தால், இருக்கைக்கு அடியிலேயே தீ பிடித்திருக்கும். லித்தியம் பேட்டரித் தீ அணைந்ததுபோல் தோன்றிச் சில மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றக்கூடியது. அதன் புகையும் நச்சு. எனவே பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும்; வெளியே நிற்பவருக்கும் கையெட்டும் இடத்தில் அவசர ஸ்விட்ச் வேண்டும்; ஆளில்லாத லேபில் இரவு முழுக்க சார்ஜ் போடவே கூடாது.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய பித்தளைக் கைப்பிடியை டேஷ்போர்டில் பொருத்தியிருந்ததையும் ஒரு காரில் கண்டேன். பார்க்க மிக அழகு. மோதினால் அது ஓட்டுபவரின் முகத்தில்தான் இடிக்கும்.

பிரேக்கில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று பிடிக்கும்படி இரண்டு தனித்தனி ஹைட்ராலிக் சுற்றுகள் (பிரேக் திரவ அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய் அமைப்புகள்) தேவை. 40 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள், 60-இல் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்கு என்பதைக் கணக்கிட வேண்டும்.

தனியொரு மாதிரியாகக் கட்டப்பட்டு, உரிய சோதனை அமைப்பின் ஒப்புதலோ பதிவோ பெறாத காரை, வீடியோ எடுப்பதற்காகக்கூட ஊரின் நூறடி சாலை போன்ற பொதுச் சாலையில் இறக்க மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. காப்பீடும் இல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டுச் சுமை மாணவர் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். முதல் ஓட்டத்தைப் பார்வையாளர்களை விலக்கிய கல்லூரி மைதானத்திலேயே, ஓட்டுபவர் ஹெல்மெட் அணிந்திருக்க, தீயணைப்பானுடன் ஒருவர் அருகில் நிற்க, நடை வேகத்தில் தொடங்குங்கள். பிரேக் சோதனை முடியாவிட்டால், வழிகாட்டும் பேராசிரியர் காரை நிறுத்திய நிலையிலேயே கண்காட்சியில் வைக்கச் சொல்லலாம்.