இடுப்பு மூட்டு ஆபரேஷனா? முதலில் பொடக்காலிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள்

கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீடு. கோயமுத்தூரில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு ஐந்தாம் நாள் வீடு திரும்பிய ஓர் அப்பாருக்கு நடைப்பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். முன்கூடமான ஆசாரத்தில் கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து கிடக்க, அதில் முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு ஏற உட்கார்ந்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கக்கூஸ் எங்கே என்றேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், மாடு கட்டுகிற கட்டுத்தரையைத் தாண்டி, மூன்று படி ஏறினால் குத்தவைக்கிற பேசின். "அதுக்குத்தானுங்க பிளாஸ்டிக் சேரை நடுவுல அறுத்து வெச்சிருக்கறமுங்க" என்றார் மகன். ஈரத்தில் அந்தச் சேரின் கால் ஒன்று வழுக்கிக்கொண்டிருந்தது.

எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு மாதம் அலைந்த குடும்பம் அது. கக்கூஸ் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

புதிய மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் ஒரு பந்தும்தான். சுற்றியுள்ள சதை ஆறும் வரை, சுமார் 6 முதல் 12 வாரம், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கி, காலை உள்பக்கம் திருப்பினால் பந்து கிண்ணத்தைவிட்டு நழுவலாம். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனில் இந்தப் பயம் அதிகம். குத்தவைப்பது, சம்மணம் போடுவது, தாழ்ந்த கட்டிலிலிருந்து எழுவது எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

சரி, டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் பக்கம் "மூட்டு ஆபரேஷனுக்குப் பேர்போனவர்" என்று சொன்னால் பெரும்பாலும் அது முழங்கால். முழங்கால் நூறு செய்தவர் இடுப்பு எத்தனை செய்திருப்பார் என்பது வேறு கேள்வி, அதைத் தயங்காமல் கேளுங்கள்: வருடத்துக்கு இடுப்பு மட்டும் எத்தனை? கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், வருடத்துக்கு 35-க்கும் குறைவாகச் செய்பவர்களிடம் மூட்டு நழுவுவதும் மறு ஆபரேஷனும் கூடுதலாக இருந்தன. கத்தியைப் பிடிக்கப்போவது நீங்கள்தானா, எந்தப் பக்கமாகத் திறப்பீர்கள், மூட்டை எலும்பில் பிடிக்கவைக்கச் சிமென்ட் வைத்தா வைக்காமலா, பந்து செராமிக்கா உலோகமா, சீழ் பிடித்தால் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்கலாம். கேட்டதற்குக் கோபப்படுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நான் வேறு ஒருவரையும் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

பொருத்திய மூட்டின் கம்பெனியும் நம்பரும் இருக்கிற ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி பீரோவில் வையுங்கள். 2010-ல் டீப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர் என்ற உலோக இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, நம் நாட்டில் அதை வைத்துக்கொண்ட பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அப்புறம் உடம்பு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொத்தைப் பல்லையும், நெல் வயலில் நின்று வந்த சேற்றுப்புண்ணையும், வெடித்துக் கிடக்கிற பாதத்தையும் யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை. கிருமி உள்ளே போக அதுவே வழி, அதனாலேயே தேதி தள்ளிப்போனவர்கள் உண்டு. இடுப்பு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் குறைந்தது மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும், எனவே மறைக்காதீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்கிற நாளில்தான் நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட்டை ஒரு மாதம் முன்பே விடுங்கள். சுத்தமாகப் போகலாமே என்று வீட்டில் பிளேடு போட்டு முடி எடுக்கவேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். வாக்கர் பிடித்து நடக்க முன்னாடியே பழகிவிட்டால், வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

போன மாதம் பெருந்துறையிலிருந்து ஓர் அம்மணி கூப்பிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். மாமியாருக்கு ஆபரேஷன் தேதியே குறிக்கவில்லை, அதற்குள் கம்பெனி இன்ச் டேப்பைக் கொண்டுவந்து வீட்டையே அளந்திருக்கிறார். மாமியாருக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 16 இன்ச், கமோடு 15. "நாலு இன்ச் ஒசத்தற சீட்டு வாங்கிட்டனுங்க. கைப்பிடிக் கம்பிக்கு ஆள் நாளைக்கு வராருங்க. கட்டலுக்குச் செங்கல் குடுத்து ஒசத்தீட்டனுங்க, சரிதானுங்களா?"

உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எல்லாம் சரி, செங்கல்லை மட்டும் எடுக்கச் சொன்னேன். ராத்திரி எழும்போது கட்டில் அசைந்து கால் வழுக்கினால் வம்பு. கனமான மரக்கட்டையில் குழி வெட்டி, கட்டில் காலை அதற்குள் இறக்கச் சொல்லியிருக்கிறேன்.