க்ளைமாக்ஸ் வராத வீடுகள்

"சினிமாவில் வருவது மாதிரி எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை மேடம்" என்றார் அவர். திருமணத்துக்கு வெளியே ஓர் உறவு, இரண்டு வருடமாக. அடிதடி இல்லை, போலீஸ் இல்லை. அதனால் யாருக்கும் பாதிப்பில்லை என்றே நம்பியிருந்தார். அவருடைய ஒன்பது வயது மகளோ, அப்பாவின் போன் ஒளிர்ந்தால் அதைக் கவிழ்த்து வைக்கப் பழகியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

குடும்ப ஆலோசகராக நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இது. படங்கள் விளைவு என்றாலே தண்டனை என்று காட்டிப் பழக்கிவிட்டன. தண்டனை வராவிட்டால் விளைவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதிகள், மணம் மீறிய உறவை நியாயப்படுத்தியோ கவர்ச்சியாகவோ காட்டக் கூடாது என்றன. 1968இல் அவை போயின, தண்டிக்கும் ஆசை போகவில்லை. 1987இல் வந்த 'ஃபேட்டல் அட்ராக்‌ஷன்' படத்துக்கு முதலில் எடுத்த முடிவில், மணமான ஒருவனோடு உறவு வைத்த பெண் தற்கொலை செய்துகொள்கிறாள், பழி அவன்மேல் விழுகிறது. முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மாற்றி எடுத்தார்கள்: அவன் மனைவி அவளைச் சுட்டுக் கொல்கிறாள், அவன் குடும்பத்தோடு சேர்ந்துவிடுகிறான். சரி, அவன் செய்தது என்ன ஆயிற்று?

படத்தில் உண்மை ஒரே காட்சியில் உடைந்துவிடும். என் அறையில் அது தவணை தவணையாகத்தான் வரும். முதலில் "வெறும் நட்பு", அப்புறம் "ஒரே ஒரு தடவை", பிறகு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தவணையும் துணையை முதல் நாளுக்கே திருப்பி அனுப்பிவிடும். தூக்கம் கெடும். பழைய புகைப்படத்தைப் பார்த்தால், அந்தத் தேதியில் இவர் உண்மையில் எங்கே இருந்தார் என்று மனம் கணக்குப் போடும். பலரும் சொல்வது இது: "அந்த உறவைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். கேட்டபோதெல்லாம் எனக்குத்தான் சந்தேகப் புத்தி என்று சொன்னாரே, அதை எப்படி மறப்பேன்?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர் எதிர்க்கும், வயதுவந்த இருவரின் காதலுக்கும், ஆசிரியர் தன் பள்ளி மாணவியோடு பழகுவதற்கும் சில படங்கள் ஒரே பின்னணி இசையைப் போட்டுவிடுகின்றன. இரண்டாவதைக் காதல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அது சுரண்டல், அங்கே தடை இருப்பதே குழந்தையைக் காப்பாற்றத்தான்.

அந்த மனிதர் மூன்றாவது முறை வந்தபோது மனைவியும் கூட வந்தார். நாற்காலிகளைத் தள்ளிப் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மகளிடம் என்ன பேசுவது என்பதிலேயே ஒரு மணி நேரமும் போனது. அவளுக்கு விவரம் எதுவும் வேண்டாம் என்றேன். "இதற்கு நீ காரணமில்லை, எங்களுக்காக எதையும் நீ மறைக்க வேண்டாம்" என்று சொன்னால் இப்போதைக்குப் போதும்.

அதை யார் சொல்வது என்று இருவரும் அன்றுதான் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.