மெத்வேத்: கரடியின் மாற்றுப்பெயர்

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு மெத்வெதேவ் என்ற பெயர் பழக்கம். 2008 முதல் 2012 வரை ரஷ்ய அதிபராக இருந்தவருக்கும் இதே குடும்பப் பெயர்தான். மெத்வேத் என்றால் ரஷ்ய மொழியில் கரடி. ஆனால் சொல்லைப் பிரித்தால் உள்ளே தேன் இருக்கிறது.

ரஷ்யம், செக், போலிஷ் போன்ற மொழிகளின் தாயான மூல ஸ்லாவிய மொழிக்கு எழுத்துச் சான்று கிடையாது. கிளைமொழிகளை ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களை மீட்கிறார்கள்; மீட்ட சொல் என்று காட்ட முன்னால் ஓர் உடுக்குறி (*) போடுவார்கள். அப்படி மீட்டதுதான் *மெத்வேதி. மெது என்றால் தேன், ஏத் என்றால் தின்பது. மனு + அந்தரம் மன்வந்தரம் ஆகிறதே, அதே போல உகரம் வகரமாகி மெத்வேத் ஆனது. நாம் கள்ளுக்கும் சாராயத்துக்கும் சொல்லும் மது, வடமொழி வழியாக வந்த இந்தத் தேனின் உறவுதான். ரிக் வேதத்தில் 'மத்வத்' என்றே ஒரு சொல் உண்டு, தேன் தின்பது என்ற பொருளில். அங்கே அது பறவைகளைக் குறிக்கிறது.

சிலர் இதை மெத் + வேத் என்று பிரித்து, 'தேனை அறிந்தவன்' என்பார்கள். வேதம் என்ற சொல்லின் வேரும் அறிதல்தான் என்பதால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தவறு.

சரி, கரடிக்குப் பழைய பெயர் இல்லையா? இருந்தது. ஸ்லாவியத்துக்கு உறவான மொழிகளில் அதைப் பார்க்கலாம்: வடமொழியில் ருக்ஷம், கிரேக்கத்தில் ஆர்க்தோஸ், லத்தீனில் உர்சுஸ். ஆர்க்டிக் என்பதும் வானத்துக் கரடி மண்டலத்தால் வந்த பெயரே. ஸ்லாவியரோ அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டார்கள். பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பது பரவலான கருத்து. இரவில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செக் மொழியில் மெத்வியேத், ஸ்லோவேனியத்தில் மெத்வெத். போலிஷ்காரர்கள் முதல் மகரத்தை நகரமாக்கி நெத்ஸ்வெத்ஸ் போல ஒன்று சொல்கிறார்கள். உக்ரைனியத்தில் அது வெத்மீத். தசை சதையானது போல எழுத்துகள் இடம் மாறிவிட்டன. ஸ்லாவிய இனமே அல்லாத ஹங்கேரியர்களும் இதைக் கடன் வாங்கி மெத்வெ என்கிறார்கள்.

தமிழில்? மொழிபெயர்ப்பில் கரடி போதும். செய்யுள் வாடை வேண்டுமானால் எண்கு, உளியம். சொல்லின் உட்பொருள் தெரிய வேண்டிய இடத்தில் 'தேன்தின்னி' என்பேன். தேனுண்ணி இன்னும் நாகரிகமாக இருக்கும்தான், ஆனால் உண்ணி என்றதும் எனக்கு மாட்டின் காது ஞாபகம் வந்துவிடுகிறது.