கித்தாம் என்பது முத்திரை: அரபியில் பேச்சையும் எழுத்தையும் முடிக்கும் சொற்கள்

வளைகுடா நாடொன்றில் நான் அரபி மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்த காலம். ஐந்து மாதச் சம்பளப் பாக்கிக்காகத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்திருந்த மனுவின் நகலோடு ஒருவர் வந்தார். ஊர் மதரஸாவில் ஓதிய அரபியை வைத்து அறைத்தோழர் எழுதிக் கொடுத்த மனு அது. எந்த மாதம் முதல் சம்பளம் வரவில்லை, தொகை எவ்வளவு என்பதெல்லாம் முதல் நான்கு வரிகளில் தெளிவாகவே இருந்தன. இலக்கணப் பிழைகூட அதிகம் இல்லை. முடிவில்தான் சிக்கல். "வல்லாஹி" என்று ஒரு சத்தியம், "வல்லாஹில் அளீம்" என்று அதற்கு மேல் ஒரு சத்தியம், "நான் சொல்வதில் எள்ளளவும் ஐயமில்லை" என்று ஒரு வரி. எல்லாவற்றுக்கும் பிறகு, கையெழுத்துக்கு மேலே, "வல்லாஹு அஃலம்".

அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்பது அதன் பொருள். மார்க்கச் சட்டம் சொல்லும் அறிஞர், தன் விளக்கம் பிழைபட்டிருக்கலாம் என்ற பணிவோடு தீர்ப்பின் அடியில் எழுதும் சொல் அது. தன் சம்பளம் வரவில்லை என்று சத்தியம் செய்த மனிதர், கடைசி வரியில், "உண்மை இறைவனுக்கே தெரியும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மனு கிடப்பில் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் படிக்கும் அதிகாரியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். மேலே மூன்று முறை அடித்துச் சொல்கிறான், கீழே கைவிடுகிறான். எதை நம்புவது?

பிறகு ஊருக்கு வந்து கல்லூரி மாணவர்களுக்கு அரபி கற்பிக்கத் தொடங்கியபோது இதே குறையை வேறு உருவில் கண்டேன். கட்டுரையைக் கவனமாக எழுதுவார்கள். முடிவுக்கு வந்ததும், மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கனமான சொற்களை எல்லாம் ஒரே பத்தியில் கொட்டிவிடுவார்கள். அழுத்தமாக முடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு அழுத்தம், யாரிடம் என்று சொல்லவில்லை.

அரபி அணியிலக்கணம் இதற்கு விடை சொல்லிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி தம் 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். மெய்யியலாளர் அல்கிந்தி, இலக்கண அறிஞர் அபுல் அப்பாஸிடம் சென்று, அரபியரின் பேச்சில் வெற்றுச் சொற்கள் இருக்கின்றன என்று குறை சொல்கிறார். "அப்துல்லாஹி காயிமுன்" என்கிறார்கள். "இன்ன அப்தல்லாஹி காயிமுன்" என்கிறார்கள். "இன்ன அப்தல்லாஹி லகாயிமுன்" என்கிறார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதானே, அப்துல்லாஹ் நிற்கிறார் என்பது? அபுல் அப்பாஸ் மறுக்கிறார். முதலாவது, அவர் நிற்கிறார் என்ற வெறும் செய்தி. இரண்டாவது, நிற்கிறாரா என்று கேட்டவனுக்குச் சொல்லும் விடை. மூன்றாவது, இல்லை என்று மறுப்பவனுக்குச் சொல்லும் விடை. சொல் கூடியதால் பொருளும் மாறிவிட்டது என்கிறார்.

இதைத்தான் பிற்கால நூல்கள் இப்திதாயீ, தலபீ, இன்காரீ என்று மூன்று வகைகளாக்கின. கேட்பவன் மனம் வெறுமையாக இருந்தால் அழுத்தம் தேவையில்லை. தயங்கினால் ஓர் அழுத்தம் நல்லது. மறுத்தால், மறுப்பின் வலுவுக்கு ஏற்ப அழுத்தம் கூடியாக வேண்டும். இதற்கு ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, வியாழன் இரவுகளில் நம் வீடுகளில் ஓதப்படும் யாசீன் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஊராரிடம் வந்த தூதர்கள் முதலில் "இன்னா இலைக்கும் முர்ஸலூன்", நாங்கள் உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள், என்கிறார்கள் (36:14). நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று ஊரார் மறுத்ததும், "ரப்புனா யஃலமு இன்னா இலைக்கும் லமுர்ஸலூன்" என்கிறார்கள் (36:16). சத்தியத்துக்கு ஈடான "எங்கள் இறைவன் அறிவான்" முன்னால் சேர்கிறது. லாம் என்ற ஓரெழுத்து பின்னால் சேர்கிறது. இடையில் நிகழ்ந்தது ஒரு மறுப்பு மட்டுமே. எத்தனையோ முறை ஓதியும் அந்த லாமைக் கவனிக்காமல் இருந்தேன் என்று ஒரு மாணவர் வகுப்பில் சொன்னார். இப்படி ஒரு நாள் வாய்ப்பதற்காகவே ஆசிரியராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அந்த மனுவை எண்ணிப் பாருங்கள். யாரும் இன்னும் மறுக்கவில்லை. அதிகாரி அப்போதுதான் தாளைப் பிரிக்கிறார். அவரை மறுப்பவராக எண்ணிக்கொண்டு மூன்று அழுத்தங்கள். என்னை யாரும் நம்புவதில்லை என்று எழுதியவரே சொல்வது போல ஆகிவிடுகிறது.

தமிழ் மாணவர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் இடறல் உண்டு. "இன்ன" என்றால் "நிச்சயமாக" என்று ஓதும்போதே பதிந்துவிடுகிறது. குர்ஆனின் தமிழாக்கங்களில் அந்தச் சொல் அவ்வளவு நிறைந்திருக்கிறது. ஆனால் பல இடங்களில் "இன்ன" செய்யும் வேலையை நம் தேற்ற ஏகாரமே செய்துவிடும். "நிச்சயமாக அது உண்மையாகும்" என்பதை "அது உண்மையே" என்றால் போதும். ஏகாரத்தின் பொருள்களைச் சொல்லும் நன்னூல், உறுதியைக் காட்டும் தேற்றத்தையும் ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பிரிநிலையையும் தனித்தனியாகக் காட்டுகிறது. அரபியிலும் இந்த வேறுபாடு உண்டு. "மா... இல்லா", "லா... இல்லா", "இன்னமா" ஆகியவற்றால் அமையும் கஸ்ர் என்ற வரையறுப்பு நம் பிரிநிலைக்கு நெருக்கமானது. "லா நஹ்ளத இல்லா பில் இல்ம்": கல்வி இன்றி எழுச்சி இல்லை. கட்டுரையை முடிக்க இதைவிட நல்ல அழுத்தம் எனக்குத் தெரியவில்லை. சத்தியம் இல்லை, ஆணை இல்லை. மற்ற வழிகளை எல்லாம் அடைத்து ஒரு வழியை மட்டும் திறந்துவிடுகிறது. மாறாக, "மிம்மா லா ஷக்க ஃபீஹி" (ஐயத்துக்கே இடமில்லாதது) என்று தொடங்கிவிட்டு, அறிஞர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கும் செய்தியை எழுதுகிறார்கள். படிப்பவர் அங்கேயே ஐயப்படத் தொடங்குவார்.

முடிப்புச் சொற்களுக்கு வருகிறேன். இவற்றை ஒரே பொருள் உடையவை என்று பட்டியலாக மனப்பாடம் செய்வதுதான் பெரிய இழப்பு. "ஸுப்ததுல் கவ்ல்" என்பதில் உள்ள ஸுப்தா, பாலைக் கடைந்தெடுத்த வெண்ணெய். "குலாஸதுல் கவ்ல்" என்பதில் உள்ள குலாஸா, பழைய அகராதிகளின்படி, அந்த வெண்ணெய்யைக் காய்ச்சி வடித்த நெய். "ஸஃப்வதுல் கவ்ல்" என்றால் பேச்சில் தேர்ந்தெடுத்த தூய பகுதி. "குஸாரல் கவ்ல்" என்றால் பேச்சு போய்ச் சேரும் கடைசி எல்லை. "முஜ்மலுல் கவ்ல்" என்றால் மொத்தமாகத் திரட்டியது. இப்னு மாலிக்கின் ஆயிரம் அடி இலக்கணப் பாடலான அல்ஃபிய்யாவுக்கு 'அல்குலாஸா' என்றே இன்னொரு பெயர் உண்டு. தாமே எழுதிய பெரிய பாடல் நூலைக் காய்ச்சி வடித்து அதை எடுத்தார். அப்படியானால், குலாஸா என்று எழுதுகிறவர் மேலே ஏதாவது காய்ச்சியிருக்க வேண்டும். இரண்டு பத்தி எழுதிவிட்டு மூன்றாம் பத்தியை "வகுலாஸதுல் கவ்ல்" என்று தொடங்கி, முன்பு எங்கும் சொல்லாத புதுக் கருத்தை அங்கே வைத்தால், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

"நாஃபிலதுல் கவ்ல்" என்பதையும் சிலர் இந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். ஓசை ஒத்திருப்பதால் வரும் பிழை. நஃபில் தொழுகை என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கடமைக்கு மேல் கூடுதலானது. "மின் நாஃபிலதில் கவ்ல்" என்றால் சொல்லத் தேவையே இல்லாதது என்று பொருள். அதை முடிவுரையின் தலைப்பில் வைத்தால், கட்டுரையின் முடிபே தேவையற்றது என்றாகிவிடும். "அஹீரன் வலைஸ ஆஹிரன்" (கடைசியாகச் சொன்னாலும் கடைசியானதல்ல) என்பது ஆங்கிலத் தொடரைப் பார்த்து அமைத்தது. பத்திரிகைகளில் பெருகிவிட்டது, தேர்வுத் தாளில் தவிர்ப்பதே நல்லது. நன்றி சொல்லும்போது "லா யஸஉனீ இல்லா அன் அஷ்குர" (நன்றி சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை) என்பதே சரி. நடுவில் வாவ் என்ற எழுத்தைச் சேர்த்து "இல்லா வஅன்" என்று எழுதுவது பரவலான பிழை.

"கித்தாம்" என்ற சொல்லைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். முத்திரையிடுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. கத்தம் ஓதுதல் என்று நாம் சொல்வதும், அரபு அலுவலகங்களில் தாளின் அடியில் குத்தும் முத்திரைக்குக் கத்ம் என்று பெயர் இருப்பதும் இதே வேர். சொர்க்கத்தின் பானத்தைப் பற்றி "கித்தாமுஹு மிஸ்க்", அதன் முத்திரை கஸ்தூரி, என்கிறது குர்ஆன் (83:26). நிகழ்ச்சியின் கடைசியில் வரும் சிறந்த பேச்சை "மிஸ்குல் கித்தாம்" என்று அரபியர் பாராட்டுவது அங்கிருந்துதான். முத்திரை குத்திய உறையைப் பிரித்து இன்னொரு தாளைச் செருகுவோமா? "வஃபில் கித்தாம்" (முடிவாக) என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசுவது அப்படித்தான்.

மேடைப் பேச்சில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். நம் ஊர் பயான்களில், அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளில், "வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்று கேட்டதும் பாய் சுருட்டும் ஓசை தொடங்கிவிடும். சொர்க்கவாசிகளின் கடைசி வேண்டுதலாகக் குர்ஆன் சொல்லும் வாக்கியம் அது (10:10). அதைச் சொன்ன பிறகு "இன்னொரு செய்தி" என்று பேச்சாளர் தொடர்ந்தால், அந்தச் செய்தியை யாரும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இமாம் நிகழ்த்தும் உரையான குத்பாவில் "அகூலு கவ்லீ ஹாதா வஅஸ்தக்ஃபிருல்லாஹ லீ வலக்கும்" என்று சொன்னதும் இமாம் அமரப்போகிறார் என்பது அரபி அறியாதவருக்கும் தெரியும். இரண்டாவது குத்பா "இன்னல்லாஹ யஃமுரு பில் அத்லி வல் இஹ்ஸான்" என்ற வசனத்தோடு (16:90) முடியும் வழக்கம், 717 முதல் 720 வரை ஆட்சி செய்த கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் தொடங்கியது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன் அந்த இடத்தில் நான்காம் கலீஃபா அலீயைத் தூற்றும் சொற்கள் இருந்தனவாம். அவற்றை நீக்கி, நீதியை ஏவும் வசனத்தை வைத்தார். பேச்சின் கடைசி வரிக்கு எவ்வளவு வலிமை என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

டிசம்பர் 18 உலக அரபி மொழி நாள். 1973இல் அந்த நாளில்தான் அரபி ஐக்கிய நாடுகள் அவையின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றானது. அதையொட்டி நடந்த பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக இருந்தேன். நெகிழிக் குப்பை பற்றி நன்றாகப் பேசிய மாணவி, "அலா ஹல் பல்லக்து? அல்லாஹும்ம ஃபஷ்ஹத்!" என்று முழக்கமிட்டு முடித்தார். அரங்கம் கைதட்டியது. நபிகள் நாயகம் ஹிஜ்ரி 10இல் (632) தம் கடைசி ஹஜ்ஜில், தூதுச் செய்தியைச் சேர்ப்பித்துவிட்டேனா என்று மக்களிடம் கேட்டு, இறைவனைச் சாட்சியாக்கிய சொற்கள் அவை. ஒரு வாழ்நாளின் பணி அந்தக் கேள்விக்குப் பின்னால் நிற்கிறது. ஐந்து நிமிடப் பேச்சு அதைத் தாங்காது. நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். பிறகு அவரை அழைத்து ஏன் என்று சொன்னேன். கண் கலங்கினாலும் புரிந்துகொண்டார். அவருடைய பேச்சின் நடுவில் தன் ஊர் வாய்க்காலைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதையே கடைசிக்குக் கொண்டுபோயிருந்தால் முதல் பரிசு அவருக்குத்தான்.

அலுவலகக் கடிதத்துக்கு வழக்கமான முடிப்பு "வதஃபள்ளலூ பிகபூலி ஃபாயிகில் இஹ்திராம்", மேலான மரியாதையை ஏற்றுக்கொள்ளுங்கள், என்பது. பெறுபவர் ஒருவரே ஆனாலும் வினை பன்மையில் வரும், நம் "நீங்கள்" போல. "வஸ்ஸலாம்" என்ற ஒற்றைச் சொல் பழைய கடிதங்களில் இயல்பானது. இன்று முன்பின் அறியாத அதிகாரிக்கு எழுதினால், பேச்சு இத்தோடு முடிந்தது என்ற கடுமை அதில் ஏறிவிடும். "வல்லாஹு அலா மா அகூலு ஷஹீத்", நான் சொல்வதற்கு அல்லாஹ் சாட்சி, என்பதற்கும் இடம் உண்டு. எழுத்துமூலச் சாட்சியத்தின் கடைசியில் அது பொருந்தும். விடுப்பு விண்ணப்பத்தில் பொருந்தாது.

அந்த மனுவை அன்றிரவே திருத்தி எழுதினோம். சத்தியங்களை எடுத்தேன். "வல்லாஹு அஃலம்" என்பதை எடுத்தேன். நிலுவைத் தொகையை எண்ணிலும் எழுத்திலும் கடைசிப் பத்திக்குக் கொண்டுவந்து, அதன் கீழே "ஹாதா மா லஸிம பயானுஹு", தெரிவிக்க வேண்டியது இதுவே, என்று முடித்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "ஒரு சத்தியம்கூட வேண்டாமா பாய்?" என்று கேட்டார். கம்பெனி மறுத்தால் விசாரணையில் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றேன். பிறகு வங்கிக் கணக்கின் ஐந்து மாத விவரத்தை எடுத்து மனுவின் பின்னால் இணைத்தோம்.