ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் டிஎன்ஏ போய்விடுமா?

காரைக்குடியில் ஒரு பரிசோதனைக் கூடம். கிருமியின் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் காசநோய்க்கான பிசிஆர் சோதனையில், நோயாளியின் சளி எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீர் மட்டும் விட்ட குழாயும் பாசிட்டிவ் காட்டுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அன்றைய ரிப்போர்ட் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்று முதலில் நிறுத்தினேன். "மேஜையை ரெண்டு தடவை ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன் மேடம்" என்று சொல்லும்போதே டெக்னீசியன் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள்மேல் தப்பில்லை. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும் என்று சொல்லிக்கொடுத்த நாங்கள், செத்த கிருமியின் டிஎன்ஏ அப்படியே கிடக்கும் என்று சொல்லாமல் விட்டுவிட்டோம்.

மறுநாள் ஒரு வாழைப்பழம் வாங்கிவரச் சொன்னேன். மசித்து, உப்பும் பாத்திரம் தேய்க்கும் சோப்புநீரும் கலந்து, துணியில் வடிகட்டி, ஐஸில் வைத்த ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றினோம். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளையாக, பஞ்சு நூல்போல ஒன்று எழும்பியது. பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருளும் அதில் உண்டு. ஆனால் டிஎன்ஏ அங்கேதான் இருக்கிறது. ஈர்க்குச்சியில் சுற்றி எடுத்துக் காட்டினேன். ஸ்பிரிட் அழிக்கும் பொருளாக இருந்தால் இந்த நூல் கிடைத்தே இருக்காது. 1869இல் டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தெடுத்த சுவிஸ் விஞ்ஞானி மீஷர், சீழ் செல்களின் கொழுப்பை நீக்க அவற்றை ஆல்கஹாலில்தான் கழுவினார். அதற்குப் பிறகும் மிஞ்சியிருந்ததைத்தான் நியூக்ளின் என்றார்.

அப்படியானால் ஸ்பிரிட் என்னதான் செய்கிறது? டிஎன்ஏவின் வெளிப்புறம் முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட். தண்ணீரில் அவை ஒன்றையொன்று தள்ளுவதால் இழை விரிந்து மிதக்கும். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை ஒரு திரவம் எவ்வளவு தணிக்கும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி தண்ணீருக்கு 80க்குப் பக்கம், ஸ்பிரிட்டில் உள்ள எத்தனால் என்ற ஆல்கஹாலுக்கு 24தான். எத்தனால் கூடக்கூட, உப்பின் சோடியம் பாஸ்பேட்டை நெருங்கி ஒட்டிக்கொள்ளும், தள்ளுவிசை அடங்கும். இழை மடிந்து, பக்கத்து இழையோடு திரண்டு படியும். உப்பு குறைவாக இருந்து எத்தனால் 70, 80 சதவீதத்தைத் தொட்டால் முறுக்கே மாறும். சுற்றுக்குச் சுமார் 10.5 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) இருந்த வழக்கமான பி வடிவம், 11 இணைகள் கொண்ட ஏ வடிவமாகி, குட்டையாகத் தடிக்கும். ஈரத்தைக் குறைத்தாலும் இதே மாற்றம்தான் என்று டிஎன்ஏவை எக்ஸ்-கதிரில் படம்பிடித்த ரோசலிண்ட் பிராங்க்ளின் 1950களின் தொடக்கத்திலேயே காட்டினார். எங்கள் ஊர் ஆச்சிகள் கைமுறுக்கு சுற்றும்போது மாவில் ஈரம் குறைந்தால் இழை அறுந்துவிடும். டிஎன்ஏ அறுவதில்லை. தண்ணீர் பட்டதும் கரைந்து பழையபடி பி வடிவத்துக்கு வந்துவிடும்.

மேஜையில் நடந்ததும் இதுதான். துடைத்த துணி டிஎன்ஏவை இழுத்துப் பரப்பியது, ஸ்பிரிட் அதைப் பத்திரமாக ஒட்டவைத்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளியை பிசிஆர் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். இல்லாத காசநோய்க்கு ஒருவர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

டிஎன்ஏவைச் சிதைக்க பிளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) வேண்டும். அன்றன்றைக்குத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்காகக் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரில் துடையுங்கள். மேஜை நன்றாகக் காய்ந்த அப்புறம்தான் ஸ்பிரிட். இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. குளோரோபார்ம் போன்ற நச்சுகள் உண்டாகும். டிஎன்ஏ பெருக்கிய குழாய்களைத் திறக்கும் அறையின் கோட்டும் பிப்பெட்டும் மாதிரி தயாரிக்கும் அறைக்குள் வரவேண்டாம்.

இப்படித் துடைத்த பிறகு ஓட்டிய அடுத்த ரன்னில், வெறும் தண்ணீர் விட்ட குழாயின் வரைபடக் கோடு, பெருக்கும் நாற்பது சுழற்சியிலும் ஏறாமல் தரையோடு கிடந்தது. நிறுத்தி வைத்த மாதிரிகளை அதற்குப் பிறகுதான் மறுபடி ஓட்டினோம்.