மஞ்சள் நிறத்துக்கு ஒரு வரி: அமெரிக்காவின் மார்கரின் சட்டங்கள்

வெண்ணெயைப் போலத் தோன்றினாலும் வெண்ணெய் அல்லாத ஒரு பொருளை எந்தப் பெயரில், எந்த நிறத்தில், எவ்வளவு வரி செலுத்தி விற்கலாம் என்பதை அமெரிக்க மத்திய அரசு 1886 முதல் 1950 வரை தனிச் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தி வந்தது. அந்தப் பொருள் மார்கரின். சட்டத்தில் அதன் பெயர் ஓலியோமார்கரின். இச்சட்டங்களைப் படிப்பவர் ஒவ்வொரு விதியையும் பார்த்து, இது வாங்குபவர் ஏமாறாமல் இருப்பதற்காக எழுதப்பட்டதா அல்லது பால் பண்ணையாளருக்குப் போட்டி வராமல் இருப்பதற்காக எழுதப்பட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருவகை விதிகளும் ஒரே சட்டத்துக்குள் கலந்து கிடந்தன. முதல் வகையின் நியாயத்தைக் காட்டியே இரண்டாம் வகை நிறைவேற்றப்பட்டது.

பிரான்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன், விலை மலிவானதும் எளிதில் கெடாததுமான ஒரு வெண்ணெய் மாற்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்தார். வேதியியலாளர் இப்பொலித் மெஜ்-மூரியே 1869இல் அதற்குரிய காப்புரிமையைப் பெற்றார். மாட்டுக் கொழுப்பை மிதமான சூட்டில் உருக்கி, கெட்டிப் பகுதியைப் பிரித்துவிட்டு, எஞ்சிய மென்மையான எண்ணெயைப் பாலுடன் சேர்த்துக் கடைவது அவர் கண்ட முறை. 1870களில் இந்தத் தொழில் அமெரிக்காவுக்குச் சென்றபோது, அங்கே மாட்டிறைச்சி ஆலைகளில் கொழுப்புக்குப் பஞ்சம் இல்லாததால் மார்கரின் வெண்ணெயைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. மஞ்சள் சாயம் கலந்து, வெண்ணெய் என்றே சொல்லி அதை விற்ற கடைக்காரர்களும் இருந்தனர். ஆகவே பண்ணையாளர்களின் புகார் முற்றிலும் கற்பனை அன்று.

முதலில் சட்டம் இயற்றியவை மாநிலங்களே. நியூயார்க்கும் மேரிலாந்தும் 1877இல் மார்கரின் பொட்டலத்தின்மேல் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று விதித்தன. இது எளிய விதி. வாங்குபவரைத் தவிர வேறு எவரையும் அது காக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளிலேயே பெயர் எழுதினால் போதாது, பொருளே கூடாது என்ற நிலைக்கு மாநிலங்கள் நகர்ந்தன. நியூயார்க் 1884இல் கொண்டுவந்த முழுத் தடையை அம்மாநில உயர் முறையீட்டு நீதிமன்றம் மறு ஆண்டே செல்லாது என்று தள்ளியது. பென்சில்வேனியா 1885இல் இயற்றிய அதே போன்ற தடையை நாட்டின் உச்ச நீதிமன்றம் 1888இல் செல்லும் என்று ஏற்றது. எனவே ஒரு மாநிலத்தில் சட்டப்படி விற்ற பொருள் அடுத்த மாநிலத்தில் குற்றப் பொருளாக இருந்தது.

1886 சட்டம் கூறியது

குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து 1886 ஆகஸ்டு 2ஆம் நாள் கையொப்பமிட்ட ஓலியோமார்கரின் சட்டம் ஒரு வரிச் சட்டம். ஒரு பொருளின் உற்பத்தியை நேரடியாகத் தடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டா என்பது ஐயத்துக்குரியதாக இருந்தது. வரி விதிக்கும் அதிகாரத்திலோ ஐயம் இல்லை. அதனால் இச்சட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு உள்நாட்டு வருவாய்த் துறை ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது.

சட்டத்தின் முதல் பிரிவு வெண்ணெய் எது என்று வரையறுக்கிறது. பாலிலிருந்தோ பாலேட்டிலிருந்தோ இரண்டிலிருந்தும் சேர்த்தோ மட்டுமே செய்யப்பட்டது வெண்ணெய். அதில் உப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கூடுதல் நிறப்பொருள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கடைசித் தொடரைச் சற்று நின்று படிக்க வேண்டும். பசும்புல் மேயும் கோடைக் காலத்தில் வெண்ணெய் இயல்பாகவே மஞ்சளாக இருக்கும். வைக்கோலும் தீவனமும் தின்னும் குளிர்காலத்தில் அது வெளுத்துவிடும். அந்த நாட்களில் பண்ணையாளரும் வெண்ணெய்க்குச் சாயம் சேர்த்தனர். அவர்கள் சேர்க்கும் சாயத்தை முதல் பிரிவே அனுமதித்துவிட்டது. மார்கரின்காரர் சேர்க்கும் அதே சாயமோ பின்னாளில் நாற்பது மடங்கு வரிக்குக் காரணமாயிற்று.

உள்நாட்டில் செய்யும் மார்கரினுக்குப் பவுண்டு ஒன்றுக்கு 2 சென்ட் வரி. இறக்குமதியானால் 15 சென்ட். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 454 கிராம். இதற்கு மேல் ஆண்டு உரிமக் கட்டணம் தனி: உற்பத்தியாளர் 600 டாலர், மொத்த வியாபாரி 480 டாலர், சில்லறை வியாபாரி 48 டாலர் செலுத்த வேண்டும். 2 சென்ட் வரியைவிட இந்த 48 டாலர்தான் கடைத்தெருவில் கடுமையாக உறைத்திருக்கும் என்று கருதலாம். வாரத்துக்குச் சில பவுண்டு மட்டுமே விற்கக்கூடிய மூலைக்கடைக்காரர் அந்தத் தொகையைக் கட்டுவதைவிட மார்கரினே வைக்காமல் இருந்துவிடுவது இலாபம்.

பொட்டல விதிகள் மிகவும் நுட்பமானவை. உற்பத்தியாளர் தம் சரக்கை முன்பு பயன்படுத்தப்படாத மரப் பெட்டியிலோ மரத் தொட்டியிலோ அடைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 பவுண்டு இருக்க வேண்டும். வரி கட்டியதற்கு அடையாளமான முத்திரை வில்லை அதில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சில்லறை வியாபாரி அந்த முத்திரையிட்ட பெட்டியிலிருந்து மட்டுமே எடுத்து, 10 பவுண்டுக்கு மிகாமல், ஆணையர் விதித்தபடி குறியிட்ட மரப் பெட்டியிலோ காகிதப் பொட்டலத்திலோ வைத்து விற்க வேண்டும். மீறினால் 1,000 டாலர் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. பெட்டி காலியானவுடன், அது யார் கையில் இருக்கிறதோ அவரே முத்திரை வில்லையை முற்றாக அழித்துவிட வேண்டும் என்றும் ஒரு பிரிவு உண்டு. பழைய முத்திரையுள்ள பெட்டியில் வரி கட்டாத புதிய சரக்கை நிரப்பும் தந்திரத்தை முன்னரே அறிந்த ஒருவர்தான் இப்படி எழுதியிருக்க முடியும்.

இதே காலத்தில் பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1887இன் மார்கரின் சட்டம் வரி எதையும் விதிக்கவில்லை. பெயரை மட்டுமே பிடித்துக்கொண்டது. அதுவரை பட்டரின் என்ற பெயரில் விற்றுவந்த பொருளை இனி மார்கரின் என்றே விற்க வேண்டும். மொத்தப் பெட்டியின் மேலும் கீழும் பக்கங்களிலும் முக்கால் அங்குல எழுத்து, கடையில் பார்வைக்கு வைக்கும் கட்டியின்மேல் ஒன்றரை அங்குல எழுத்து, வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் காகித உறையில் கால் அங்குல எழுத்து என்று அளவு வகுத்து, மீறுவோருக்கு முதல் முறை 20 பவுன், இரண்டாம் முறை 50 பவுன், அதற்கு மேல் 100 பவுன் வரை அபராதம் விதித்தது. வாங்குபவருக்கு உண்மை தெரிந்தால் போதும் என்பதே நோக்கமானால், இந்த அளவில் சட்டம் நின்றுவிடலாம். அமெரிக்கா நிற்கவில்லை.

இளஞ்சிவப்பு மார்கரின்

மத்தியச் சட்டம் வந்த பிறகும் மாநிலங்கள் தனித்தனியே விதிகளைச் சேர்த்துக்கொண்டே போயின. நியூ ஹாம்ப்ஷயர் முதலிய சில மாநிலங்கள், மார்கரினை விற்பதானால் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று கட்டளையிட்டன. ரொட்டியில் யாரும் விரும்பித் தடவிக்கொள்ளாத ஒரு நிறத்தைச் சட்டமே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. 1898இல் கொலின்ஸ் எதிர் நியூ ஹாம்ப்ஷயர் வழக்கில், ஒரு பொருளை யாரும் வாங்காதபடி உருமாற்றச் சொல்வது தடைக்குச் சமம், வெளி மாநிலத்திலிருந்து வரும் சரக்கின்மேல் அத்தகைய தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, பிளம்லி எதிர் மாசசூசெட்ஸ் வழக்கில், மஞ்சள் சாயம் ஏற்றி வெண்ணெய் போலத் தோன்றச் செய்த மார்கரினை மாநிலம் தடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. ஒன்றைப் பூசு என்று சொல்லக் கூடாது, ஒன்றைப் பூசாதே என்று சொல்லலாம் என்பதே இரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நிலை. இதன்பின் போராட்டம் முழுவதும் மஞ்சள் நிறத்தைச் சுற்றியே நடந்தது.

1902இல் வந்த திருத்தம் அதை வெளிப்படையாகவே செய்தது. சாயம் ஏற்றாத மார்கரினுக்கு வரி பவுண்டுக்குக் கால் சென்டாகக் குறைந்தது. செயற்கையாக மஞ்சள் ஏற்றியதற்கு 10 சென்டாக உயர்ந்தது. நாற்பது மடங்கு என்று மேலே சொன்னது இதைத்தான். வெள்ளை மார்கரின் மட்டும் விற்கும் சில்லறைக் கடைக்கு உரிமக் கட்டணம் 48 டாலரிலிருந்து 6 டாலராகக் குறைந்தது. இத்திருத்தத்தில் இன்னொரு கண்ணியும் இருந்தது: தம் குடும்பத்தின் சாப்பாட்டு மேசைக்குக் கூலியின்றிச் செய்துகொள்வதைத் தவிர, பிறர் உண்பதற்காக மார்கரினில் மஞ்சள் கலக்கும் எவரும் உற்பத்தியாளராகவே கருதப்படுவர். அதாவது, ஓர் உணவு விடுதியின் சமையற்காரர் அடுக்களையில் ஒரு கிண்ணத்தில் சாயம் கலந்தால், அந்த விடுதி 600 டாலர் கட்டணத்துக்கும் பவுண்டுக்கு 10 சென்ட் வரிக்கும் ஆளாகும்.

இவ்வளவு உயர்ந்த வரி உண்மையில் வரிதானா, மாறுவேடமிட்ட தடையா என்ற கேள்வி மெக்ரே எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள் வழக்கில் 1904இல் எழுந்தது. கால் சென்ட் முத்திரை ஒட்டிய 50 பவுண்டுப் பெட்டி ஒன்றில் மஞ்சள் மார்கரினை வைத்திருந்த ஒரு வியாபாரிக்கு 50 டாலர் தண்டம் விதிக்கப்பட்டிருந்தது. அந்த மஞ்சள், மார்கரினில் சேர்த்த உண்மையான வெண்ணெயிலிருந்து வந்தது. வெண்ணெய்க்கோ பண்ணையிலேயே சாயம் ஏற்றப்பட்டிருந்தது. அப்படியானாலும் அது செயற்கை நிறமே என்று நீதிமன்றம் கூறிற்று. வரி விதிக்கும் அதிகாரம் இருக்கும்வரை, என்ன நோக்கத்தோடு நாடாளுமன்றம் அதைப் பயன்படுத்தியது என்று ஆராய்வது தன் வேலை அன்று என்றும் சொல்லி வரியை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வரிச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது.

வீட்டில் கலந்துகொள்ளும் மஞ்சள்

விதிவிலக்கு குடும்பத்தாருக்கு இருந்ததால் தொழிலும் அந்த வழியில் திரும்பியது. ஆலைகள் வெள்ளை மார்கரினோடு மஞ்சள் சாயத் தூளைச் சிறு பொட்டலமாக வைத்துக் கொடுத்தன. வாங்கிச் சென்றவர் அதை இளகவிட்டு, தூளைத் தூவி, திட்டுத் திட்டாக நிற்காமல் சீராகப் பரவும்வரை கிண்ணத்தில் கரண்டியால் பிசைய வேண்டும். 1940களில், பைக்குள்ளேயே சாயக் குமிழ் ஒன்றை வைத்து, குமிழை விரலால் நசுக்கி உடைத்துவிட்டுப் பையைக் கையால் பிசைந்தால் நிறம் பரவும்படியான உறைகள் வந்தன. சட்டம் விதித்த வேலையை இவ்வாறு இல்லத்தரசிகள் செய்தார்கள். அவர்களில் எவரும் தாம் வாங்குவது வெண்ணெய் என்று நம்பி ஏமாறவில்லை. ஏமாற்றைத் தடுப்பதற்கான சட்டம் என்ற வாதம் இங்கே முற்றிலும் பொருளிழந்துவிடுகிறது.

இதற்குள் மார்கரினின் மூலப்பொருளும் மாறிவிட்டது. மாட்டுக் கொழுப்பின் இடத்தைப் பருத்திக்கொட்டை எண்ணெயும் சோயா எண்ணெயும் பிடித்ததால், தென் மாநிலப் பருத்தி விவசாயிகளுக்கும் சோயா விளைவிப்போருக்கும் மார்கரின் தங்கள் சரக்காயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வெண்ணெய்த் தட்டுப்பாடு பல வீடுகளை மார்கரினுக்குப் பழக்கியது. பண்ணையாளர்களின் பிரதிநிதிகள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த அவையில் மறுதரப்புக்கும் வாக்குகள் சேர்ந்தன. குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் 1950 மார்ச் மாதம் கையொப்பமிட்ட சட்டம் மத்திய வரிகளையும் உரிமக் கட்டணங்களையும் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நீக்கியது.

நீக்கியபோது சில அறிவிப்பு விதிகளை அது தக்கவைத்துக்கொண்டது. மஞ்சள் மார்கரினைக் கடையில் 1 பவுண்டு அல்லது அதற்குக் குறைந்த எடையுள்ள பொட்டலங்களாகவே விற்க வேண்டும். உறையில் உள்ள வேறு எந்த எழுத்துக்கும் குறையாத பருமனில் மார்கரின் என்ற பெயர் இருக்க வேண்டும். உணவகத்தில் பரிமாறினால், அதைத் தெரிவிக்கும் அறிவிப்பு எல்லாருக்கும் தெரியும்படி வைக்கப்பட வேண்டும். அதோடு ஒவ்வொரு துண்டிலும் பெயர் இருக்க வேண்டும், அல்லது துண்டு முக்கோண வடிவில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். சதுரத் துண்டு வெண்ணெய், முக்கோணத் துண்டு மார்கரின் என்று தட்டைப் பார்த்தே வாடிக்கையாளர் அறிந்துகொள்ளலாம்.

மாநிலத் தடைகள் பிறகும் சில காலம் நீடித்தன. பால் பண்ணைகள் மலிந்த விஸ்கான்சின் 1895 முதல் மஞ்சள் மார்கரினைத் தடுத்திருந்தது. அந்தத் தடையைக் கடைசியாக, 1967இல், விலக்கிய மாநிலமும் அதுவே. அதுவரை அங்குள்ளோர் எல்லை தாண்டி இல்லினாய் மாநிலத்துக்குக் காரில் சென்று பெட்டி பெட்டியாக வாங்கி வந்தனர். தடையைத் தாங்கிப் பேசியவர்களில் முன்னணியில் நின்ற மாநில செனட்டர் கோர்டன் ரோஸ்லீப், 1965இல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்திய சுவைச் சோதனையில் வெண்ணெய் எது, மார்கரின் எது என்று சரியாகச் சொல்ல முடியாமல் போனார். அம்மாநிலச் சட்டத்தில் இன்றும் ஒரு பகுதி எஞ்சியுள்ளது: வாடிக்கையாளர் கேட்டாலன்றி உணவகத்தில் வெண்ணெய்க்குப் பதிலாக மார்கரினைப் பரிமாறக் கூடாது, அரசு நிறுவனங்களில் உள்ள மாணவர், நோயாளி, கைதி ஆகியோருக்கும், மருத்துவர் உடல்நலம் கருதிச் சொன்னாலன்றி, கொடுக்கக் கூடாது.

நிறத்தைத் தொடாமலே கலப்படத்தைக் கண்டறியும் மற்றொரு முறையும் அக்காலத்திலேயே உருவாயிற்று. அது நம் நாட்டோடு தொடர்புடையது. ஜெர்மனி 1897இல் இயற்றிய சட்டம், மார்கரினில் சேரும் கொழுப்பில் ஒரு பங்கு நல்லெண்ணெயைக் கட்டாயமாக்கியது. உண்பவருக்கு அது தெரியாது. ஆனால் உருக்கிய மாதிரியோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஃபர்ஃபியூரல் கரைசலையும் சேர்த்துக் குலுக்கினால் அமிலப் பகுதி சிவந்துவிடும். வெண்ணெயில் மார்கரின் கலந்திருந்தால் ஆய்வுக்கூடத்தில் உடனே வெளிப்படும். போதுவான் சோதனை எனப்படும் இந்த முறையையே இந்தியா வனஸ்பதிக்கு எடுத்துக்கொண்டது. வனஸ்பதிக்குச் சாயம் ஏற்ற வேண்டுமா என்று சுதந்திரத்துக்குப் பின் இங்கும் விவாதம் நடந்தது. கடைசியில் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் சாயத்தை விட்டுவிட்டு, வனஸ்பதியின் எடையில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் இருக்க வேண்டும் என்று விதித்தன. நெய்யில் வனஸ்பதி கலந்திருக்கிறதா என்று உணவு ஆய்வாளர்கள் பார்த்தது அந்தச் சிவப்பு நிறத்தைக் கொண்டே.