சர்வரை முடக்கினால் அது மறியலா? சட்டம் சொல்வது என்ன

விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றால் இ-சேவை மையத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன சம்பாவில் அப்படி ஒரு நாள். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். பதினொரு மணிக்குத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று மணிக்கும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எந்த இணையதளம் என்பது இங்கே வேண்டாம். எனக்குப் பின்னால் நின்ற பாலிடெக்னிக் படிக்கும் தம்பி கடுப்பில் சொன்னான்: "இவங்க சைட்டை ஒரு நாள் முழுசா படுக்க வெச்சாத்தான் மாமா புத்தி வரும். காவிரித் தண்ணிக்கு ரோட்டை மறிக்கலையா? அது மாதிரி இதுவும் ஒரு மறியல்தானே."

"அதான் ஏற்கெனவே படுத்துக் கிடக்கே தம்பி" என்று முன்னால் நின்ற பெரியவர் சொல்ல, வரிசையே சிரித்தது. ஆனாலும் தம்பி கேட்டது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அநியாயத்தை எதிர்த்து ரயிலை மறிப்பவரைப் போராளி என்கிறோம். அதே காரணத்துக்காக ஓர் அரசுத் தளத்தை முடக்குபவரை மட்டும் ஏன் குற்றவாளி என்கிறோம்?

முதலில், முடக்குவது என்றால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணினிக்காரர்கள் இதை 'டிடாஸ்' என்பார்கள். தமிழில் சேவை மறுப்புத் தாக்குதல். உள்ளே புகுந்து தகவலைத் திருடும் ஹேக்கிங்கிலிருந்து இது வேறு. நம் ஊர் கொள்முதல் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை சிப்பம்தான் எடை போட முடியும். ஒருவர் இருநூறு டிராக்டரில் பதர் மூட்டைகளை ஏற்றிவந்து வரிசையில் நிறுத்திவிடுகிறார். எடைபோடுபவர் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியே ஓய்ந்துபோவார். நிஜமான நெல் வெளியே மழையில் முளைவிட்டுக் கிடக்கும். பூட்டை யாரும் உடைக்கவில்லை, ஒரு மணி நெல்லும் திருடு போகவில்லை. ஆனால் நிலையம் இயங்கவில்லை.

அந்த இருநூறு டிராக்டரும் பெரும்பாலும் தாக்குபவருடையவை அல்ல என்பதுதான் இதில் விஷயம். ஊரார் வீட்டு மோடம், கண்காணிப்பு கேமரா, பழைய போன் இவற்றில் நச்சுநிரலை நுழைத்து, உடைமையாளருக்கே தெரியாமல் ஓட்டுவார்கள். இப்படி வசப்படுத்தப்பட்ட கருவிகளின் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பெயர். 2016-ல் 'மிராய்' என்ற பாட்நெட் அமெரிக்காவில் பல பெரிய தளங்களைச் சில மணி நேரம் எட்டாமல் செய்தபோது, அதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட வீட்டுக் கேமராக்களும் ரௌட்டர்களும்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. இதன் 43-வது பிரிவு, கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் செய்யக் கூடாதவற்றை வரிசையாகச் சொல்கிறது. அதில் (உ) உட்பிரிவு இயக்கத்தைச் சீர்குலைப்பது பற்றியது. அடுத்தது இன்னும் நேரடி: அணுக உரிமையுள்ள ஒருவருக்கு எந்த வழியிலாவது அணுகலை மறுப்பது. 'எந்த வழியிலாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். பாட்நெட் வைத்தாலும் சரி, ஆயிரம் பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ரிஃப்ரெஷ் தட்டினாலும் சரி, அந்தச் சொல்லின் வலை விரிவானது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று தளம் திணறுவது குற்றமில்லை, ஏனென்றால் யாரும் அதை முடக்கப் போகவில்லை. முடக்கவேண்டும் என்றே போனால் கதை வேறு.

43-ல் விழுந்தால் இழப்பீடு கட்ட வேண்டும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்க மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலருக்கே அதிகாரம் உண்டு. அதே செயலை 'நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ' செய்தால் 66-வது பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கேதான் தம்பி போன்றவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: "எனக்கு இதில் பத்துப் பைசா லாபம் இல்லையே, நேர்மையின்மை எங்கே வந்தது?" சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. தனக்கு முறையற்ற லாபம் தேடுவது மட்டுமல்ல, இன்னொருவருக்கு முறையற்ற இழப்பு உண்டாக்க நினைப்பதும் நேர்மையின்மைதான். ஆகவே லாபமில்லை என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

மூன்றாண்டுத் தண்டனை என்பதால் இது ஜாமீனில் வரக்கூடிய குற்றம். ஆனால் பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரி விசாரிப்பார். போனும் லேப்டாப்பும் தடயவியல் ஆய்வுக்குப் போகும், எப்போது திரும்பும் என்று கேட்காதீர்கள். முயற்சி செய்தாலே பாதித் தண்டனை உண்டு, தூண்டிவிட்டால் முழுத் தண்டனை. 'லிங்க்கை மட்டும்தான் குரூப்பில் போட்டேன்' என்பது தூண்டிவிடுவதற்குள் வந்துவிடலாம்.

இதற்கு மேலே இரண்டு படி இருக்கிறது. அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கணினியில் அனுமதியின்றி நுழைந்தாலோ நுழைய முயன்றாலோ 70-வது பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் அல்லது மக்களிடையே பீதியைக் கிளப்பும் நோக்கத்தோடு அணுகலை மறுத்து, அதனால் உயிருக்கோ அத்தியாவசியச் சேவைக்கோ கேடு வந்தால் 66எஃப், அதாவது இணையப் பயங்கரவாதம். அதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். கடுப்பில் கிளம்புகிற யாரும் அந்த நோக்கத்தோடு போவதில்லைதான். ஆனால் நாம் அனுப்பும் வெள்ளம் எந்த வாய்க்காலில் போய்ப் பாயும் என்று நமக்கே தெரியாது. ஒரே சர்வரில் மருத்துவமனையின் தளமும் இருக்கலாம்.

இதோடு தெரு மறியலை ஒப்பிட்டுப் பாருங்கள். அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு தருகிறது, நியாயமான கட்டுப்பாடுகளோடு. அனுமதி வாங்கிய ஆர்ப்பாட்டம் அதற்குள் வரும். மறியல் வராது. ஒருவரைப் போகவிடாமல் தடுத்தால் 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-வது பிரிவில் ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தண்டவாளத்தில் உட்கார்ந்தால் ரயில்வே சட்டம் 174-ல் 2 ஆண்டு வரை. ஆக மறியலும் சட்டமீறல்தான்.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். மறியலில் உட்கார்ந்தவர்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள். ஏட்டு ஒரு தாளை வைத்துக்கொண்டு பேர், தகப்பனார் பேர், வயசு, ஊர் என்று எழுதிக்கொண்டே வருவார். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். மின்விசிறி ஓடாத மூலையில் நாலு பேர் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். நானும் இரண்டு முறை அந்தத் தாளில் பேர் கொடுத்திருக்கிறேன். சர்வரை முடக்குபவருக்குக் கல்யாண மண்டபம் கிடையாது. அவர் பேர் கொடுப்பதில்லை. பேரைத் தேடித்தான் போலீஸ் போகவேண்டும்.

சட்டமறுப்பு என்ற சொல்லுக்கு நம் மாவட்டங்களில் தனி எடை உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல் நடந்து வேதாரண்யம் சேர்ந்தார். 30-ம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். ஆறு மாதச் சிறை. தண்டிக்குக் கிளம்புமுன் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு மார்ச் 2 அன்றே கடிதம் எழுதி, இன்ன சட்டத்தை மீறப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று உத்தரவு போட்டார். வழியோர மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள் என்பது இன்றும் இந்தப் பக்கத்தில் சொல்லும் கதை.

அதே வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர் இருந்தார். போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தவர். ஒருவருக்குப் பாதி சவரம் ஆனபிறகுதான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி முன் நிறுத்தியபோதும் மறுத்துவிட்டு, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்று சவரப் பெட்டியை நீட்டியதாகச் சொல்வார்கள். வைரப்பனுக்கு வேதாரண்யத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

இதை யோசித்துப் பார்த்தால் வைரப்பன் செய்ததும் சேவை மறுப்புதான். அவர் மறுத்தது தன் சேவையை, தன் முகத்தைக் காட்டி, யாருக்கு மறுக்கிறேன் என்று தெரிந்தே. டிடாஸ் செய்பவர் மறுப்பது அடுத்தவருடைய சேவையை. அதுவும் யாருக்கு என்று தெரியாமல். தளம் படுத்தால் அதிகாரி ஏசி அறையில் டீ குடிப்பார். வரிசையில் நிற்பது நாம். என் கணக்கில் இரண்டும் பிரிகிற இடம் இதுதான்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1998-ல் மெக்சிகோவின் சப்பாடிஸ்டா பழங்குடிப் போராட்டத்துக்கு ஆதரவாக ஒரு கலைஞர் குழு 'ஃப்ளட்நெட்' என்ற நிரலை வைத்து அரசுத் தளங்களுக்கு எதிராக 'மெய்நிகர் தர்ணா' நடத்தியது. முன்னறிவிப்பு கொடுத்தார்கள், பேரையும் மறைக்கவில்லை. ஜெர்மனியில் 2001-ல், அகதிகளை நாடு கடத்தும் பயணங்களை எதிர்த்து லுஃப்தான்ஸா விமான நிறுவனத்தின் இணையதளத்துக்கு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் போய் நெரிசல் உண்டாக்கினார்கள். ஒருங்கிணைத்தவருக்குக் கீழ்நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2006-ல் ஃபிராங்க்ஃபர்ட் உயர் நீதிமன்றம், மவுஸை அழுத்துவது வன்முறை ஆகாது என்ற நோக்கில் விடுவித்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனி சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது, அது தனிக் கதை.

2010 டிசம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்குப் பணம் போகாமல் தடுத்ததற்காக, முகம் காட்டாத ஹேக்கர்களின் 'அனானிமஸ்' குழு பேபால், விசா, மாஸ்டர்கார்டு தளங்களைத் தாக்கியது. மென்பொருளை இறக்கிப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று நம்பி ஏராளமானோர் சேர்ந்தார்கள். அந்த மென்பொருள் அவர்களுடைய ஐபி முகவரியை, அதாவது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்ணை, மறைக்கவே இல்லை. 14 பேர் மீது 2011-ல் அமெரிக்காவில் வழக்குப் பாய்ந்தது, 2013-ல் பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மாட்டியவர்களில் பலர் பொத்தானை அழுத்தியவர்கள்.

நமக்குப் பக்கத்திலும் நடந்தது. 2012-ல் திருட்டுப் படங்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே மூடிவிட்டன. அதை எதிர்த்து அனானிமஸ் உச்ச நீதிமன்றத் தளம் உட்படப் பலவற்றைத் தாக்கியது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் முடக்கலாம், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது. அது நீதிமன்றத்தில் கேட்டு வாங்கிய விளக்கம்.

அப்புறம் என்னதான் செய்வது என்றால், பேர் போட்டுச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இணையத்தில் எழுதுவதும் கண்டிப்பதும் ஹேஷ்டேக் ஓட்டுவதும் பேச்சுரிமைதான். புண்படுத்தும் பதிவுக்கே சிறை என்ற 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்துவிட்டது. இணையம் வழிப் பேச்சுக்கும் அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு என்று 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆயிரம் பேர் ஆளுக்கொரு மின்னஞ்சல் அனுப்பலாம். ஒரே ஆள் நிரல் எழுதி லட்சம் அனுப்பினால் அது மறுபடியும் 43-க்குள் போய்விடும்.

தளம் படுத்தால் பிழைச் செய்தியை நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதல்வரின் உதவி எண்ணான 1100-ல் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். கடைசி நாளன்று எத்தனை மணி நேரம் தளம் இயங்கவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தரவேண்டும். கெடு நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதற்கு இதைவிட வலுவான காகிதம் இல்லை.

வாட்ஸ்ஆப்பில் 'இதை இன்ஸ்டால் பண்ணினால் நீங்களும் போராளி' என்று வரும் ஆப்பைத் தொடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் நெட்டை அணைத்துவிட்டு, ஒரு வக்கீலிடம் பேசுங்கள். உங்கள் சங்கத்தின் தளமோ கடையின் தளமோ தாக்கப்பட்டால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ சொல்லலாம். பணம் போய்விட்டால் மட்டும் 1930-க்கு உடனே அடிக்கவேண்டும். உப்பு அள்ளிய ஆண்டும் அதே எண் என்பதால் எனக்கு அது மறப்பதே இல்லை.

அன்றைக்கு நாலு மணிவரை பார்த்துவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றில் மனு எழுதினோம். தம்பிதான் எழுதினான், கையெழுத்து அழகு. காலையிலிருந்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட் ஏழையும் மையத்திலேயே பிரின்ட் போட்டு இணைத்தான். முப்பதுக்கு மேல் பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம், இரண்டு பாட்டிகள் கைநாட்டு வைத்தார்கள்.

கடைசியில் தன் முறை வந்ததும் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தான். "அப்பா பேரும் போன் நம்பரும் எழுதணுமா மாமா?"

"பின்னே, எழுது" என்றார் பெரியவர்.